வாராத இரண்டாம் பாகமும் வாடும் அபிமானிகளும்

ஒரு நூல் விரைவில் வெளிவரும் என்று அறிவித்துவிட்டு அதன் ஆசிரியர் பதினான்கு ஆண்டுகள் வாளாவிருப்பாராயின், அந்நூலை எதிர்நோக்கி நிற்போர் உள்ளம் என்ன பாடுபடும்? இத்தகைய நிலைமை கணினி விளையாட்டுலகில் மெய்யாகவே நிகழ்ந்துளது. அதனை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம். விளையாட்டைப் பற்றியும் ஒரு வியாசமா எனப் பேராசிரியர் சிலர் முறுவலிக்கக்கூடும். அம்முறுவலுக்கு யாம் அஞ்சுகிலேம். பெரும்பொருளும், திறமை மிக்க இளைஞர் பலருடைய நல்ல ஆண்டுகளும், எண்ணிறந்த அபிமானிகளின் நம்பிக்கையும் இதன்கண் செலவழிந்திருக்கின்றன வாகலின், இஃது ஆராய்தற்குரிய பொருளே என்பது எம் துணிபு.

இவ்விளையாட்டுக்கள் ஆக்கப்படும் முறையை அறியாதார் பொருட்டு முதற்கண் சிறிது கூறுதல் வேண்டும். கணினி விளையாட்டு என்பது சினிமாப் படம் போல ஓவியர், இசைவாணர், கதை எழுதுவோர், கணிதம் வல்லார் எனப் பலர் கூடி ஆக்குவது. ஆனால் படத்தைக் காண்போன் வாளா வீற்றிருப்பான்; விளையாடுவோனோ அக்கற்பனை உலகினுள் தானே புகுந்து நடப்பான், ஓடுவான், கதவைத் திறப்பான். அவன் எப்பக்கம் திரும்பினும் அப்பக்கத்துக் காட்சியை அந்நொடியே வரைந்து காட்டுதல் வேண்டும். அங்ஙனம் வரைந்து காட்டும் அடிப்படை நிரலுக்கு 'எஞ்சின்' என்று பெயர். வெளிச்சம் வீழ்வதும், கல் உருள்வதும், ஒலி எழுவதும் எல்லாம் அதன் தொழிலே. ஒரு மாளிகைக்கு அடித்தளம் எத்தகையதோ அத்தகையதே விளையாட்டிற்கு எஞ்சின். இதனை வாசகர் மனத்திற் கொள்வாராக. பின்வரும் வரலாறு முழுவதும் இதனைப் பற்றியே சுழலும்.

அமெரிக்க நாட்டு டெக்ஸஸ் மாகாணத்தில் கார்லண்ட் என்னும் ஊரில் த்ரீ டி ரியால்ம்ஸ் என்றொரு கம்பெனி இருந்தது. ஜார்ஜ் ப்ரூஸார்ட், ஸ்காட் மில்லர் என்னும் இருவர் அதன் உரிமையாளர். 1996-ஆம் ஆண்டு அவர்கள் 'ட்யூக் நூகெம் த்ரீ டி' என்னும் விளையாட்டை வெளியிட்டனர். அதன் நாயகன் முரட்டுப் புயங்களும் அதனினும் முரட்டு நாவும் உடையவன். வேற்றுலகத்தினின்று வந்த பகைவரைத் தன்னந்தனியே எதிர்ப்பவன். அவன் பேச்சும், மாதரை அவ்விளையாட்டுக் காட்டிய விதமும் எமக்கு உவப்பன அல்ல என்பதை ஒளியாது சொல்கின்றோம். ஆயினும் அதன் புதுமையை மறுத்தற்கில்லை. அக்காலத்துப் பிற விளையாட்டுக்களில் சுவர் சுவராகவே நிற்கும். கதவு திறப்பதற்கு மட்டுமே உதவும். இதிலோ லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் தெருவும் சினிமாக் கொட்டகையும் உயிர்பெற்று நின்றன. விளக்கைப் பொத்தானால் அணைக்கலாம். குழாய் நீரைக் குடிக்கலாம். பில்லியர்ட்ஸ் மேசையில் பந்தை உருட்டலாம். கண்ணாடியில் தன்னுருவைக் காணலாம். தொட்டன எல்லாம் மறுமொழி கூறும் உலகம் ஒன்றை முதன்முறை கண்ட இளைஞர் அதன்பால் மயங்கியதில் வியப்பென்ன? இரண்டாம் பாகம் வேண்டும் என்று அவர் கேட்டதும் இயல்பே.

அவர் கேட்டது கிடைக்கும் போலவே தோன்றிற்று. 1997-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் 'ட்யூக் நூகெம் ஃபாரெவர்' என்னும் தொடர்ச்சி அறிவிக்கப்பட்டது. ஃபாரெவர் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு 'என்றென்றும்' என்பது பொருள். பெயரிட்டார் பின் விளைவை அறிந்திலர் போலும்! ஐடி சாஃப்ட்வேர் என்னும் மற்றொரு கம்பெனியாரின் 'குவேக் 2' எஞ்சினை விலைகொடுத்து வாங்கி, அதன்மேல் இவ்விளையாட்டைக் கட்டத் தொடங்கினர். 1998 மே மாதம் நிகழ்ந்த பெரிய கண்காட்சியில் ஒரு முன்னோட்டப் படமும் காட்டினர், கண்டோர் மகிழ்ந்தனர். ஆனால் அடுத்த மாதமே, அவ்வெஞ்சினை விடுத்து 'அன்ரியல்' என்னும் வேறோர் எஞ்சினுக்கு மாறுகின்றோம் என்றோர் அறிவிப்பு வந்தது. சில வாரங்களில் பழைய நிலைக்கு வந்துவிடுவோம் என்றும் உரிமையாளர் உறுதி கூறினர்.

இவ்விடத்திற் சிறிது நின்று நோக்குதல் வேண்டும். எஞ்சினை மாற்றுதல் என்பது ஏட்டில் எழுதிய கவிதையை வேறோர் ஏட்டிற் பெயர்த்தெழுதுதல் போன்றதன்று. ஓவியர் தீட்டிய உருவங்களுட் சில புதிய எஞ்சினுக்குப் பொருந்தும், பல பொருந்தா. பகைவன் எப்படி நடப்பான், எப்பொழுது சுடுவான் என்று பழைய எஞ்சினின் மொழியில் எழுதப்பட்ட கட்டளைகள் யாவும் மீண்டும் எழுதப்படல் வேண்டும். தெருக்களையும் அறைகளையும் அமைக்கும் கருவிகளே வேறாகிவிடும். அக்கருவிகளைக் கையாளப் பணியாளர் புதிதாகப் பயிலல் வேண்டும். ஒளி வீழும் முறை மாறின், முன்னர் அழகாயிருந்த அறை இப்பொழுது இருண்ட குகையாகத் தோன்றும். வீட்டை இடிக்காது அடித்தளத்தை மட்டும் மாற்றுவோம் என்பாரை நாம் நம்புவோமா? விளையாட்டு நுட்பம் சிறிதறிந்த அபிமானிகள் சிலர் அந்நாளிலேயே ஐயுற்றனர். ஏனையோர் நம்பினர். நல்லதற்காகவே மாற்றுகின்றனர் என்பது அன்னார் கருத்து. அதுவும் முற்றும் பொய்யன்று.

2001 மே மாதத்தில் மீண்டும் ஒரு முன்னோட்டம் வந்தது. அதுவே அபிமானிகளின் நெஞ்சில் ஆழப் பதிந்தது. பாலைவன நகரமும், விரையும் வண்டிகளும், மேன்மேலும் அணுகிவரும் பகைவர் கூட்டமும் அதிற் கண்டோர், இதோ முடிந்துவிட்டது, இவ்வாண்டிலோ அடுத்த ஆண்டிலோ கைக்கு வரும் என்று எண்ணினர். அதன் பின்னர் ஏறத்தாழ ஆறாண்டுக் காலம் காட்சி என்று சொல்லத்தக்கது ஒன்றும் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டிலது. எப்பொழுது வெளிவரும் என்று வினவியோர்க்கெல்லாம், 'முடிந்தபொழுது வெளிவரும்' என்னும் ஒரே விடை கிடைத்தது. தொடக்கத்தில் இவ்விடை கலைஞனின் செம்மாப்பாகப் போற்றப்பட்டது. காலஞ்செல்லச் செல்ல நகைப்பிற்கு இடமாயிற்று. வையர்ட் என்னும் பத்திரிகை, அறிவிக்கப்பட்டு வெளிவாராத பொருள்களுக்கு ஆண்டுதோறும் ஏளனப் பரிசு வழங்கி வந்தது. அதிற் பன்முறை இடம்பெற்ற இவ்விளையாட்டிற்கு 2003-இல் 'வாழ்நாட் சாதனைப் பரிசு' ஒன்றையே அது அளித்துவிட்டது.

அபிமானிகளின் கவலை எத்தன்மைத்து என்பதை இனி நோக்குவோம். அது வெறும் பொறுமையின்மை அன்று. வாராதோ என்னும் அச்சம் ஒருபுறம். வந்தும் பயனின்றிப் போமோ என்னும் அச்சம் மற்றொருபுறம். இவ்விரண்டினுள் பின்னதே கொடிது என்போம். 1997-இற் புதுமையாயிருந்தது 2005-இற் பழமையாகிவிடும். பதினைந்து வயதிற் காத்திருக்கத் தொடங்கினவன் முப்பது வயதில் அதே நகைச்சுவைக்கு நகைப்பானா? தான் வளர்ந்துவிட்டதை அபிமானி அறிவான். தான் காத்திருக்கும் பொருள் வளர்ந்ததா என்பதை மட்டும் அறியான். ஆகலின் சிறு படமொன்று கசிந்தாலும் அதனைக் கூர்ந்து கூர்ந்து நோக்குவர். பணியாளர் ஒருவர் வேலையை விட்டு நீங்கினார் என்றால், ஏன் நீங்கினார் என்று தமக்குள் வாதிடுவர். உறுப்பழிந்த ஏட்டுச்சுவடியில் எஞ்சிய சில எழுத்துக்களைக் கொண்டு முழுப் பாட்டையும் ஊகிக்க முயலும் நம்மவர் செயலோடு இது பெரிதும் ஒப்பது என, தமிழ் பயிலும் எமக்குத் தோன்றுகின்றது.

இத்துணைத் தாமதத்திற்குக் காரணம் யாது? சோம்பல் என்று கூறுதல் தவறு. அக்கம்பெனியார் ஓயாது உழைத்தனர். காரணம் அவர்தம் செல்வமே என்று யாம் துணிந்து கூறுவோம். பொதுவாக விளையாட்டை ஆக்குவோர் வேறு, பணமிட்டு வெளியிடுவோர் வேறு. இன்ன திங்களுக்குள் இன்ன பகுதி முடிந்தாலன்றி அடுத்த தவணைப் பணம் இல்லை என்று வெளியீட்டாளர் கட்டுப்படுத்துவர். அது கலைஞர்க்குத் தளையாகத் தோன்றினும், 'போதும், நிறுத்து' என்று கூறுவார் ஒருவர் அதனால் உளராகின்றனர். த்ரீ டி ரியால்ம்ஸ் உரிமையாளரோ முன்னை விளையாட்டாலும் பிற முயற்சிகளாலும் பெரும்பொருள் ஈட்டியிருந்தனர். இரண்டு கோடி டாலர் அளவு தம் சொந்தப் பொருளையே இதிற் செலவிட்டதாக ப்ரூஸார்ட் பின்னர்க் கூறியதுண்டு. 2000-ஆம் ஆண்டின் இறுதியில் டேக் டூ என்னும் கம்பெனி வெளியீட்டுரிமையை 1 கோடியே 20 லட்சம் டாலருக்கு முந்தைய வெளியீட்டாளரிடமிருந்து பெற்றது. உரிமை பெற்றதேயன்றி, கடிவாளம் அதன் கைக்கு வந்திலது.

கடிவாளமில்லாக் குதிரை எங்குப் பச்சை காணினும் அங்கே திரும்புமன்றோ? பிறர் வெளியிடும் ஒவ்வொரு நல்ல விளையாட்டையும் கண்டு, அதில் உள்ள சிறப்பு நம்மதிலும் வேண்டும் என்று ப்ரூஸார்ட் விரும்பினார் எனப் பின்னாளிற் பத்திரிகைகள் எழுதின. ஒருகால் பனிநிலத்தில் நிகழும் விளையாட்டொன்றைக் கண்டவர், தம் விளையாட்டிலும் பனிநிலம் வேண்டும் என்றாராம். அன்ரியல் எஞ்சினின் பெரும்பகுதியும் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டுப் புதிதாக எழுதப்பட்டது. ஆண்டுதோறும் கணினியின் ஆற்றல் வளர்ந்துகொண்டே போகும் அக்காலத்தில், எல்லாவற்றினும் புதியதாய் இருப்பேன் என்று உறுதிபூண்டவன் என்றைக்கு முடிப்பான்? கானல் நீர் அணுக அணுக அகலும். இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. காத்திருக்கும் காலம் நீளுந்தோறும், 'இத்தனை ஆண்டு காத்தோர்க்கு இதுதானா' என்னும் பழிச்சொல்லுக்கு ஆக்குவோர் அஞ்சுவர். அஞ்சி இன்னும் திருத்துவர். திருத்தலாற் காலம் இன்னும் நீளும். அபிமானிகளின் ஆவலே அவர்க்குப் பகையாக மாறும் விந்தை இது.

இவற்றிடையே பணியாளர் நிலை இரங்கத்தக்கது. 2003 அளவில் அவ்விளையாட்டில் உழைத்தோர் 18 பேரே. பிற கம்பெனிகளில் அக்காலத்து ஐம்பதின்மரும் நூற்றுவரும் ஒரு விளையாட்டில் உழைத்துவந்தனர். தம் இளமையின் ஐந்தாறு ஆண்டுகளை ஒரு வேலைக்கு ஈந்த பின்னும், இஃது யான் செய்தது என்று பிறர்க்குக் காட்ட ஒரு பொருளும் இல்லாமற் போதல் எத்துணைத் துயரம்! 2006-ஆம் ஆண்டிற் பலர் விலகினர். பின்னர்ப் புதிய ஆட்கள் சேர்க்கப்பட்டு வேலை விரைந்தது. 2007 டிசம்பரில் சிறு முன்னோட்டம் ஒன்றும் வந்தது. ஆனால் கைப்பொருள் அதற்குள் வற்றிவிட்டது. டேக் டூ கம்பெனியோடு நடந்த பணப்பேச்சு முறிந்தது. 2009 மே 6-ஆம் நாள் பணியாளர் அனைவரும் நீக்கப்பட்டனர். அதே மாதம் டேக் டூ வழக்கும் தொடுத்தது. ஒரு தலைமுறை இளைஞரின் கேலிக்கும் காதலுக்கும் ஒருங்கே இலக்காயிருந்த விளையாட்டு அத்தோடு இறந்ததென்றே எல்லாரும் கருதினர்.

இறக்கவில்லை. நீக்கப்பட்டோருட் சிலர் ட்ரிப்டிக் கேம்ஸ் என்னும் பெயரால் ஒன்றுகூடித் தம் இல்லங்களிலிருந்தே வேலையைத் தொடர்ந்தனர். இவ்வரலாற்றில் எம் உள்ளத்தை மிகவும் உருக்கும் பகுதி இதுவே. அதே டெக்ஸஸ் மாகாணத்துக் கியர்பாக்ஸ் கம்பெனியின் தலைவர் ராண்டி பிட்ச்ஃபோர்ட், முன்னாளில் த்ரீ டி ரியால்ம்ஸில் வேலை பார்த்தவர். அவர் அப்பொறுப்பை ஏற்றார். 2010 செப்டம்பரில் சியாட்டில் நகரத்துக் கண்காட்சியில் விளையாடத்தக்க நிலையில் அது திடீரெனத் தோன்றியபொழுது, மக்கள் பல மணி நேரம் வரிசையில் நின்று விளையாடிப் பார்த்தனர். 2011 மே மாதம் வெளிவரும் என்றனர். பழக்கம் விடுமா? மேலும் ஒருமுறை தள்ளிவைக்கப்பட்டு, 2011 ஜூன் 10-ஆம் நாள் ஐரோப்பா முதலிய நாடுகளிலும், 14-ஆம் நாள் வட அமெரிக்காவிலும் வெளிவந்தது. அறிவித்தற்கும் வெளியிட்டதற்கும் இடையே 14 ஆண்டுகளுக்கு மேற் சென்றிருந்தன.

வந்தும் பயனில்லையோ என்று அஞ்சினாரே, அவர் அச்சம் மெய்யாயிற்று. மதிப்புரையாளர் நூற்றுக்கு ஐம்பதை ஒட்டியே மதிப்பெண் வழங்கினர். ஒரு கட்டத்தினின்று மறு கட்டத்திற்குச் செல்ல நெடுநேரம் காத்தல் வேண்டியிருந்தது. நகைச்சுவை பழங்கஞ்சியாய்ப் புளித்திருந்தது. ஆயின் பழமை மட்டுமே குறையென்றால் அது முற்றும் உண்மையாகாது. முந்தைய விளையாட்டில் நாயகன் பல படைக்கலங்களை ஒருங்கே சுமப்பான். இதில் இரண்டே ஏந்தலாம். இடைக்காலத்தில் பிற விளையாட்டுக்களால் வந்த புதுப்பாணி அது. ஆக, நீக்கவேண்டிய பழமை நின்றது. காக்கவேண்டிய பழமை நீங்கியது. வெவ்வேறு காலத்து ஆசைகள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஒட்டாக அதில் ஒட்டியிருந்தமையை நுணுகி நோக்குவார் காண்பர்.

நிற்க. தாமதித்தன எல்லாம் இவ்வாறே முடியும் என்று கொள்ளற்க. ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரத்து டீம் செர்ரி என்பது மிகச் சிறிய குழு. அவர்கள் 2017-இல் வெளியிட்ட 'ஹாலோ நைட்' பெரும்புகழ் பெற்றது. அதன் தொடர்ச்சியாகிய 'சில்க்ஸாங்' 2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. பன்னிரு திங்களுக்குள் வரும் என்று 2022-இல் ஒரு நிகழ்ச்சியிற் சொல்லப்பட்டும் வரவில்லை. நெடுங்காலம் ஒரு செய்தியும் இல்லை. 'இன்றும் செய்தி ஒன்றுமில்லை' என்பதையே செய்தியாக நாள்தோறும் வெளியிட்ட அபிமானி ஒருவரும் இருந்தார். அவர் விடாமுயற்சிக்குத் தலைவணங்குகின்றோம். 2025 செப்டம்பர் 4-ஆம் நாள் அது வெளிவந்தது. வாங்கப் புகுந்தோர் நெருக்கத்தால் இணைய அங்காடிகள் செயலற்றுத் திகைத்தன. ஸ்டீம் என்னும் ஓர் அங்காடியில் மட்டும் 5 லட்சத்திற்கு மேற்பட்டோர் ஒரே வேளையில் விளையாடினர். புகழும் குறைவின்றிக் கிடைத்தது. தாமதத்திற்குக் காரணம் கேட்டபோது, இடர் ஒன்றும் இல்லை, வேலை இன்பமாயிருந்தது, அதனாற் பெருகிக்கொண்டே போயிற்று என்று ஆக்கியோர் விடை தந்தனர்.

அங்ஙனமாயின் இரு மௌனங்களுக்கும் வேற்றுமை யாது? வெளியில் நிற்போர்க்கு இரண்டும் ஒன்று போலவே தோன்றும். உள்ளே நோக்கின் வேற்றுமை பெரிது. சில்க்ஸாங் குழுவினர் எஞ்சினைத் துரத்திச் சென்றிலர். கையால் வரைந்த ஓவியமே அதன் அழகு ஆகலின் கணினியாற்றல் வளர்ந்தாலும் அது பழமையுறாது. குழு சிறிதாகலிற் செலவு சிறிது, தலைவர் மாறிற்றிலர். அபிமானி ஒருவன் கவலைப்பட விரும்பின் எத்தனை ஆண்டு ஆயிற்று என்று எண்ணுவதினும், அடித்தளம் மாறிற்றா, தலைவர் நீங்கினரா, முதலில் அறிவித்த விளையாட்டும் இப்பொழுது பேசப்படும் விளையாட்டும் ஒன்றுதானா என்று வினவுதல் தக்கது.

இவ்வினாக்களைப் பிரெஞ்சு நாட்டு மோன்பெலியே நகரில் யூபிசாஃப்ட் கம்பெனியார் ஆக்கிவரும் 'பியாண்ட் குட் அண்ட் ஈவில்' இரண்டாம் பாகத்திற்குப் பொருத்திப் பார்ப்பின் மனம் கலங்கும். முதற்பாகம் 2003-இல் வந்தது. 2008-இற் காட்டிய முன்னோட்டத்தில் பழைய நாயகி ஜேட் தோன்றினாள். 2017-இற் காட்டியதிலோ அவள் பிறப்பதற்கு முந்திய காலத்துக் கதை. அதனை ஈன்ற மிஷெல் அன்செல் 2020-இல் விலங்குகளைப் பேணும் பணிக்கென விளையாட்டுத் தொழிலினின்றே விலகினார். ஆக்கத் தலைமை ஏற்றிருந்த எமில் மொரெல் 2023-இற் காலமானார். நூகெம் நிறுவிய பதினான்காண்டுக் காலத்தை இது 2022-ஆம் ஆண்டிலேயே கடந்தது. 2025-ஆம் ஆண்டு முடியும்வரை வெளிவந்திலது. இவ்வாறு காத்திருப்போருட் சிலர் ஆக்குவோரை வைவதும் மிரட்டுவதும் உண்டு. அச்செயலை யாம் சிறிதும் ஒப்புகிலேம். உள்ளே இருந்து உழைப்போரும் அதே தாமதத்தாற் புண்பட்டோரே. முன்பணம் கொடாது காத்திருத்தல் அபிமானியின் கையில் உள்ள நேரிய படைக்கலம்.

நூகெம் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. 2001-ஆம் ஆண்டு முன்னோட்டத்தில் தோன்றிய விளையாட்டு மெய்யாகவே இருந்ததா, அன்றிக் காட்சிக்கென்று புனைந்ததா என்று அபிமானிகள் இருபது ஆண்டு வாதிட்டு வந்தனர். 2022 மே மாதம், அவ்வாண்டுக்குரிய முற்றுப்பெறாப் படி ஒன்று இணையத்திற் கசிந்தது. பெயரறியாதார் ஒருவர் அதனை வெளியிட்டார். மெய்யானதே என்று ப்ரூஸார்டும் ஒப்புக்கொண்டார். திறந்து பார்த்தனர். சில கட்டங்களில் நடக்கலாம், சுடலாம். பல அறைகள் வெற்றிடம். கதவு சிலவற்றின் பின் ஒன்றுமே இல்லை. விளையாட்டு இருந்தது, முடிவை அணுகியிருந்தது என்று சொல்லத்தக்க நிலையில் அஃது இல்லை. முப்பதும் நாற்பதும் வயதுடையராய்விட்ட அவ்வபிமானிகளிற் சிலர், அவ்வெற்றறைகளைத் தாமே நிரப்பவும் இடைவெளிகளை இணைக்கவும் ஊதியமின்றி வேலை தொடங்கினர்.